விளையாட்டுத் தொகுப்பாளர் என்னதான் செய்கிறார்?

2023 மார்ச் 11, சனிக்கிழமை இரவு. பிபிசியின் புகழ்பெற்ற கால்பந்து நிகழ்ச்சியான 'மேட்ச் ஆஃப் தி டே' ஒளிபரப்பானது. தொடக்க இசை இல்லை. மேசை இல்லை, தொகுப்பாளர் இல்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அலசும் முன்னாள் வீரர்கள் இல்லை. வர்ணனைகூட இல்லை. அன்றைய ஆட்டங்களின் துண்டுக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி 20 நிமிடத்தில் முடிந்துவிட்டன. பிரிட்டிஷ் அரசின் அகதிகள் கொள்கையை ட்விட்டரில் விமர்சித்ததற்காகத் தொகுப்பாளர் கேரி லினேக்கரை நிர்வாகம் ஒதுக்கிவைக்க, அவர் இல்லாமல் நாங்களும் வரமாட்டோம் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லிவிட்ட வாரம் அது.

அன்று பார்வையாளர் எண்ணிக்கை விழவில்லை. முந்தைய வாரத்தைவிடக் கூடவே செய்தது. உடனே, "கோலைக் காட்டினால் போதும், பேச ஆள் எதற்கு?" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை வைத்து அப்படிக் கணக்குப் போட முடியாது. கோல் விழுகிறது, அடுத்த கோல் விழுகிறது. எது யாருக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல ஆளில்லை. கல்யாண ஆல்பத்தை, யார் யார் என்று சொல்ல ஆளில்லாமல் புரட்டுவது போல.

ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானதுதான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகிறவருக்கு ஏன் அவ்வளவு சம்பளம்? 2017ல் பிபிசி தன் நட்சத்திரங்களின் சம்பளப் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டபோது லினேக்கர் ஆண்டுக்கு 17.5 லட்சம் பவுண்டு அளவில் வாங்குவது தெரியவந்து ஊரே கொதித்தது. நன்றாகச் செய்தால் கண்ணுக்கே தெரியாத வேலை இது என்பதுதான் சிக்கல்.

முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்வோம். பந்து நகரும்போது பேசுபவர் வர்ணனையாளர். அது ஏன் அப்படிப் போனது என்று சொல்பவர் நிபுணர். பெரும்பாலும் முன்னாள் வீரர். பந்து நகராத நேரமெல்லாம் தொகுப்பாளருடையது. ஆட்டத்துக்கு முன், இடைவேளை, மழை, காயம், பரிசளிப்பு, எதிர்பாராத குழப்பம் எல்லாம் அவர் தலையில். இந்தத் தொழிலில் நீண்டகாலம் நின்றவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், பெரும்பாலோர் ஏதாவது ஒரு கட்டத்தில் வானொலி வழியாக வந்திருக்கிறார்கள். அது தற்செயல் இல்லை.

1927 ஜனவரி 15. லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ரக்பி ஆட்டம். பிபிசியின் முதல் நேரடி விளையாட்டு வர்ணனை. பேச வந்தவர் டெடி வேக்கலம் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி. கண்ணால் பார்ப்பதைக் காதுக்கு எப்படிச் சொல்வது என்று அப்போது யாருக்கும் தெரியாது. தயாரிப்பாளர் லான்ஸ் சீவ்கிங் இரண்டு காரியம் செய்தார். மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்டு, அந்தப் படத்தை 'ரேடியோ டைம்ஸ்' இதழில் அச்சிட்டார். வேக்கலம் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இன்னொருவர் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவது காரியம் இன்னும் அருமை: வர்ணனைக் கூண்டின் ஜன்னலுக்கு முன்னால் ஒரு பார்வையற்றவரை உட்கார வைத்தார். அவருக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசு என்பதுதான் வேக்கலத்துக்குக் கொடுத்த பயிற்சி. கூடவே 'கெட்ட வார்த்தை பேசாதே' என்று ஓர் அட்டையும் எதிரில் மாட்டியிருந்தது.

அந்த ஒரு மனிதருக்குச் சொல்வது என்ற பழக்கம் வானொலியை விட்டு இன்றுவரை போகவில்லை. அதிலிருந்து கிளைத்த சின்னச் சின்ன வித்தைகள் நிறைய. அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் மைக்குக்குப் பக்கத்தில் 3 நிமிட மணற்கடிகாரம் ஒன்றை வைத்திருப்பார். மணல் இறங்கி முடிந்ததும் அதைத் திருப்பி வைத்து ஸ்கோரைச் சொல்லுவார். ஏனென்றால் இந்த நொடியில் யாரோ ஒருவர் அப்போதுதான் ரேடியோவைத் திருப்பியிருப்பார். அவருக்கு எதுவும் தெரியாது. பேசுகிறவருக்கு அலுத்துப்போன ஸ்கோர், கேட்பவருக்குப் புதுச் செய்தி. இன்று திரையின் மூலையில் ஸ்கோர் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருப்பதால் இந்த ஒழுக்கம் மறந்துவருகிறது.

குரலிலும் ஒரு கணக்கு உண்டு. ஜேம்ஸ் அலெக்சாண்டர் கார்டன் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிபிசி வானொலியில் சனிக்கிழமை மாலை கால்பந்து முடிவுகளை வாசித்தார். முதல் அணியின் பெயரையும் கோலையும் சொல்லி, இரண்டாவது அணியின் பெயருக்கு வரும்போது குரல் ஏறினால் அந்த அணி ஜெயித்துவிட்டது, இறங்கினால் தோற்றுவிட்டது, சமமாகப் போனால் டிரா. எண்ணைச் சொல்லும் முன்பே கேட்பவர் முடிவைக் கண்டுபிடித்துவிடலாம். வெறும் பட்டியலை வாசிப்பதில் இவ்வளவு இருக்கிறதா என்றால், இருக்கிறது.

வானொலி கற்றுத்தரும் பெரிய பாடம் வெற்றிடத்தை நிரப்புவது. அங்கே பேச்சு நின்றால் பழுது என்று அர்த்தம். இந்தியாவில் 1930களில் பம்பாய் கிரிக்கெட்டுக்கு வர்ணனை சொன்ன ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் நாள் முழுவதும் ஒற்றை ஆளாகப் பேசுவார். உணவு, தேநீர் இடைவேளைதான் ஓய்வு. பின்னாளில் மைக்கை மற்றவர்களோடு பகிர வேண்டும் என்றபோது வேண்டாம் என்று விலகிக்கொண்டவர். அமெரிக்காவில் அதே பத்தாண்டில் ரொனால்ட் ரீகன் என்ற இளைஞர் அயோவா மாநில வானொலியில் பேஸ்பால் சொல்லிக்கொண்டிருந்தார், மைதானத்துக்கே போகாமல். தந்தியில் வரும் இரண்டு எழுத்துக் குறிப்பை வைத்து முழுக் காட்சியையும் கற்பனையில் கட்டுவது அன்றைய வழக்கம். ஒருநாள் தந்தி அறுந்துவிட்டது. போட்டி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நிறுத்தினால் நேயர் அங்கே போய்விடுவார். ஆகவே மட்டையாளர் பந்தைப் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே, செல்லாத அடியாகத் தட்டிக்கொண்டே இருப்பதாக, ஆறு நிமிடத்துக்கும் மேல், சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படி அடித்தால் கணக்கில் எதுவும் ஏறாது, மறுநாள் செய்தித்தாளோடு முரணும் வராது. ஜனாதிபதியான பிறகும் அவர் அலுக்காமல் சொன்ன கதை இது. பொய்தான். ஆனால் தொழில் தெரிந்தவன் சொன்ன பொய்.

இப்படி நிரப்பியே பழகியவர்கள் தொலைக்காட்சிக்கு வந்ததும் திணறுவார்கள். கண்ணுக்குத் தெரிவதையே மறுபடி வாயால் சொல்லி எரிச்சல் மூட்டுவார்கள். ரிச்சி பெனோ அந்தத் தவறைச் செய்யாததற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலிய அணியில் ஆடிக்கொண்டிருந்தபோதே, 1956 இங்கிலாந்து சுற்றுப்பயணம் முடிந்ததும் மற்றவர்களைப் போல ஊர்சுற்றாமல் பிபிசியின் தொலைக்காட்சிப் பயிற்சியில் சேர்ந்தார். சிட்னி செய்தித்தாளில் குற்றச் செய்தி நிருபராகவும் இருந்தவர். 1960ல் வானொலியில் பேசி, பிறகு தொலைக்காட்சிக்குப் போனார். படத்தோடு சேர்க்க ஏதாவது இருந்தால் மட்டும் பேசு, இல்லாவிட்டால் வாயை மூடு என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. 63 டெஸ்ட் ஆடிய கேப்டன் சும்மா இருப்பதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டார்.

வானொலியிலேயே மௌனத்தைத் துணிந்து பயன்படுத்தியவர்களும் உண்டு. ரெட் பார்பரிடம் பழகிய வின் ஸ்கல்லி, 1974 ஏப்ரல் 8 அன்று ஹாங்க் ஆரன் 715வது ஹோம் ரன் (பேஸ்பாலின் சிக்ஸர் மாதிரி) அடித்து பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டியபோது, பந்து விழுந்ததைச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். கூட்டத்தின் இரைச்சலும் வாணவேடிக்கைச் சத்தமும் மட்டும் ஓடின. 67 சீசன் ஒரே அணிக்குப் பேசியவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

வர்ணனையை விட்டு ஸ்டூடியோவுக்கு வருவோம். திரையில் தெரிகிற தொகுப்பாளரின் காதில் ஓர் இயர்பீஸ் இருக்கிறது. அதில் கட்டுப்பாட்டு அறையின் சத்தம் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். இயக்குநர் கேமரா எண்களைச் சொல்வார். தயாரிப்பாளர், "அந்த கிளிப் ரெடி இல்லை, ரீப்ளேக்குப் போகலாம்" என்பார். இன்னொருவர் நேரத்தை எண்ணுவார். தொகுப்பாளர் சிரித்த முகத்தோடு எதிரில் இருக்கும் நிபுணரிடம் பதில் வாங்கிக்கொண்டிருக்கிறார். காதில் "முப்பது" என்கிறார்கள். நிபுணர் இப்போதுதான் வாக்கியத்தைத் தொடங்குகிறார். "இருபது." இன்னும் நீட்டுகிறார். "பத்து." அவர் முகம் கோணாமல் பேச்சை வாங்கி, இடைவேளைக்குப் பிறகு என்ன வரும் என்று ஒரு வரி சொல்லி, சரியாக "பூஜ்யம்" என்ற சொல்லில் வாயை மூட வேண்டும். அரை நொடி தாண்டினால் அவர் பேச்சைப் பாதியில் நறுக்கிக்கொண்டு விளம்பரம் பாயும். பார்ப்பவருக்கு, ஏதோ நண்பர்கள் பேசிவிட்டு எழுந்ததுபோல இருக்கும். ஒரே சமயம் இரண்டு பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மூன்றாவதாகத் தானும் பேசுவது எல்லாருக்கும் கைவராது. நல்ல நகைச்சுவை உணர்வும் நல்ல குரலும் இருந்து, இந்த இடத்தில் தோற்றுப்போனவர்கள் ஏராளம்.

இந்த வித்தையில் பலரும் உச்சமாகச் சொல்வது டெஸ் லைனமை. அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் வளர்ந்தவர், காப்பீட்டு நிறுவன ஊழியர். 1968ல் பிபிசியின் பிரைட்டன் வானொலி நிலையத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு லண்டன் வானொலிக்குப் போனார். சனிக்கிழமை விளையாட்டு நிகழ்ச்சியைத் தொகுத்ததோடு குத்துச்சண்டை வர்ணனையும் சொன்னார். அதன்பிறகே தொலைக்காட்சி, அங்கே 1958 முதல் ஓடிக்கொண்டிருந்த 'கிராண்ட்ஸ்டாண்ட்' என்ற மதியம் முழுக்க நீளும் நிகழ்ச்சி. 1998 கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் முதல் ஆட்டம் துனிசியாவுடன், ஒரு திங்கட்கிழமை மதியம். லைனம் கேமராவைப் பார்த்து, மதிய வணக்கம் சொல்லிவிட்டு, "நீங்கள் வேலையில் இருக்க வேண்டாமா?" என்றார். அவ்வளவுதான். அலுவலகத்துக்குப் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கானவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். ட்விக்கனம் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மனிதரிடம் பேசுகிற பழக்கம்தான் இங்கே வேறு வடிவில் வருகிறது.

ஆட்டம் ஒழுங்காக நடக்கும் நாளில் தொகுப்பாளரை எடைபோட முடியாது. 1997 ஏப்ரல் 5ல் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் தொடங்கும் முன் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. ஆயிரக்கணக்கானவர்களோடு லைனமும் அவர் குழுவும் வெளியேற்றப்பட்டார்கள். அவர் வெளியில் நின்றபடியே நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். எழுதிவைத்த எதுவும் செல்லாத நேரம் அது. திங்கட்கிழமைதான் பந்தயம் ஓடியது. மழையும் இப்படித்தான். விம்பிள்டனில் சென்டர் கோர்ட்டுக்கு 2009ல் மூடும் கூரை வரும்வரை, மேகம் கவிந்தால் மணிக்கணக்கில் இழுக்க வேண்டியிருந்தது. 1993 முதல் 2022 வரை அங்கே தொகுத்த சூ பார்க்கர் 1976ல் பிரெஞ்ச் ஓபனை வென்றவர். மழைநாளில் அவருக்குக் கைகொடுத்தது அந்தக் கோப்பையைவிட, பழைய வீரர்களைப் பேசவைக்கத் தெரிந்த சாமர்த்தியம்.

எல்லாவற்றுக்கும் மேலே மியூனிக். 1972 செப்டம்பர் 5, ஒலிம்பிக் நடுவில் அமெரிக்க ஏபிசி தொலைக்காட்சியின் ஜிம் மெக்கேவுக்கு அன்று விடுமுறை. நீச்சலுக்குப் போகக் கிளம்பியவரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். நீச்சல் உடைக்கு மேலேயே சட்டை பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்தவர், இஸ்ரேலிய வீரர்கள் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்ட செய்தியைப் பல மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாரும் மீட்கப்பட்டார்கள் என்று இடையில் ஒரு தவறான தகவல் பரவியது. கடைசியில் உண்மை காதில் வந்தது. பிணைக்கைதிகளில் ஒருவரின் பெற்றோர் அமெரிக்காவில் ஒஹாயோவில் இருந்தார்கள். மகன் இருக்கிறானா இல்லையா என்பதை அவர்களுக்குச் சொல்லப்போவது நான்தான் என்ற நினைப்பு மனதில் ஓடியதாக மெக்கே பின்னர் கூறினார். 11 பேரும் இறந்துவிட்டதைச் சொல்லி, "எல்லாரும் போய்விட்டார்கள்" என்ற சிறு வாக்கியத்தில் முடித்தார். மெக்கே தொடக்கத்தில் செய்தித்தாள் நிருபர். அந்தப் பழக்கம் இல்லாத ஒருவர் அன்று அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆடியவர் மைக்கைப் பிடிப்பதா, ஆடாதவர் பிடிப்பதா என்பது இந்தத் தொழிலின் தீராத சண்டை. ஹர்ஷா போக்லே சர்வதேச ஆட்டம் ஆடியதில்லை. 19 வயதில் ஹைதராபாத்தில் அகில இந்திய வானொலியில் தொடங்கினார். வேதிப் பொறியியல் படித்து, அகமதாபாத் ஐஐஎம்மில் பட்டம் வாங்கி, விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். 1991-92ல் இந்திய அணி ஆஸ்திரேலியா போனபோது அந்நாட்டு ஏபிசி வானொலி அவரை அழைத்தது, அங்கிருந்துதான் தொலைக்காட்சி. டெஸ்ட் ஆடாதவரின் மூலதனம் கேள்வி. தோற்ற கேப்டனிடம் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்பது கேள்வியே இல்லை, மனப்பாடமாக ஒரு பதில் வரும், கேட்டவரும் நகர்ந்துவிடுவார். "சுழற்பந்து எடுபட்டுக்கொண்டிருந்தபோது ஏன் வேகப்பந்தைக் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டால் அவர் ஒரு நொடி யோசித்தாக வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முன்னாள் வீரர் தொகுப்பாளரானால் பதில் அவருக்கே தெரிந்துவிடும். கேள்வியிலேயே பதிலையும் சொல்லிவிடுவார், நிபுணருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேலை இருக்காது. லினேக்கரும் தொடக்கத்தில் தடுமாறியவர்தான். 1986 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்து முதலிடம் பிடித்த பெருமை ஸ்டூடியோவில் எதற்கும் உதவாது என்பதைப் புரிந்துகொண்டு, தெரிந்ததைத் தெரியாததுபோலக் கேட்கக் கற்றுக்கொண்டார். 1999ல் லைனமின் நாற்காலிக்கு வந்து 2025 வரை இருந்தார்.

பெண்களுக்கு இந்த வாசல் வேறு மாதிரி திறந்தது. 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையில் மந்திரா பேடி தொகுப்பாளராக வந்தபோது, அவர் கேட்ட கேள்விகளைவிட உடுத்திய உடையே அதிகம் பேசப்பட்டது. இத்தனைக்கும் அவர் கேட்டது, கிரிக்கெட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மனதில் வைத்திருந்த கேள்விகளைத்தான். தயாரிப்பாளர்கள் அவரை அலங்காரமாக அழைத்தார்கள். அதற்கான பழியை மட்டும் அவர் சுமந்தார்.

இவ்வளவு திறமையும் இருந்தாலும் வாழ்க்கை கையில் இருக்கிறதா என்றால் இல்லை. தொகுப்பாளரில் பலர் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள். ஒளிபரப்பு உரிமை எங்கே போகிறதோ அங்கே அவர் பிழைப்பும் போகும். லைனமையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999ல் பிபிசியை விட்டுப் போட்டித் தொலைக்காட்சியான ஐடிவிக்குப் போனார். 2001ல் இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கின் தொகுப்புக் காட்சிகளின் உரிமையை ஐடிவி வாங்கி, அவரை வைத்துச் சனிக்கிழமை மாலை 7 மணிக்கே நிகழ்ச்சியைப் போட்டது. கூட்டம் வரவில்லை, சில மாதத்தில் பின்னிரவுக்குத் தள்ளினார்கள். 2004ல் உரிமை பிபிசிக்கே திரும்பியது. அடுத்த ஆண்டு லைனம் வார்த்தைப் புதிர் நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார். போக்லே கதை இன்னும் கூர்மை. 2016 ஐபிஎல் தொடங்கும் தறுவாயில் அவர் பெயர் வர்ணனைப் பட்டியலில் இல்லை. ஏன் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பின்னர் அவர் திரும்பி வந்தார். ஆனால் போட்டியை நடத்துபவரே பேசுபவரையும் நியமிக்கும் இடத்தில், கேள்வி கேட்பதை மூலதனமாக வைத்திருப்பவர் எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பது அன்றிலிருந்து எல்லாருக்கும் தெரிந்துபோனது.

பெனோவின் இங்கிலாந்து வாழ்க்கையும் உரிமை கைமாறியபோதுதான் முடிந்தது. 2005 ஆஷஸ் தொடர் சேனல் 4ல் இலவசமாக ஒளிபரப்பான கடைசித் தொடர். அடுத்த ஆண்டு முதல் கட்டணச் சேனலான ஸ்கைக்குப் போகிறது. அங்கே போக அவர் விரும்பவில்லை. செப்டம்பர் 12, ஓவல் மைதானம், தொடரின் கடைசி நாள். 42 ஆண்டுகள் தங்கள் வீட்டுக்குள் அனுமதித்த நேயர்களுக்கு அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மெக்ராத்தின் பந்தில், 158 ரன் எடுத்திருந்த பீட்டர்சன் போல்டானார். விடைபெறும் பேச்சுக்கு நடுவிலேயே பெனோ அந்த விக்கெட்டைச் சொன்னார். குரல் மாறவே இல்லை.